கப்பல் விருந்தாளிகளும் ஒரு தோப்பு வீடும்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம். மதுரையிலிருந்து சோழவந்தான் போகிற மேலக்கால் சாலையில், முன்பின் தெரியாத ஒரு தோப்பு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "உங்க வீட்டு பாத்ரூமைக் கொஞ்சம் தர முடியுமா?" என்று கேட்டேன். எனக்கு அப்போது அறுபது வயது. இப்படி ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பாய் என்று யாராவது முதல் நாள் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கப்பல்.

என் வீட்டுக்காரரின் அக்காவும் அவர் கணவரும் சிங்கப்பூரில் மகனோடு இருக்கிறார்கள். அக்கா எனக்கு மதினி. அவர் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அண்ணனுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மதினிக்கு ரத்தக்கொதிப்பு. இவர்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருடம் ஆனதைக் கொண்டாட மகன் ஒரு கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தான். கொழும்பு, தூத்துக்குடி, கொச்சி என்று ஒவ்வொரு துறைமுகமாக நின்று போகிற கப்பல். தூத்துக்குடியில் ஒரு பகல் முழுக்க நிற்கும்.

மகன் அரை மனதோடுதான் அனுப்பினான். அதைப் பற்றி மதினி போனில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "இதுல ஒரு சின்னக் கோளாறு வந்தாப் போதும் தாயி. நான் அப்பவே சொன்னேன்ல-ம்பான். அதோட எங்களை வீட்டுக்குள்ள உக்கார வச்சுருவான். பெறகு ஊருமில்ல, பயணமுமில்ல." விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் குரலில் பயம் தெரிந்தது.

கப்பல் ஒவ்வொரு ஊரில் நிற்கும்போதும் கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்க கப்பல்காரர்களே சில திட்டங்கள் போட்டு ஒரு சின்னப் புத்தகமாகக் கொடுத்திருந்தார்களாம். அந்தப் புத்தகத்தை மதினி படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு திட்டத்துக்கும் பக்கத்தில் நடக்கிற மனிதன் படம் போட்டிருந்தார்கள். ஒரு ஆள் என்றால் சும்மா பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம். இரண்டு ஆள் என்றால் கொஞ்சம் நடை. மூன்று ஆள் என்றால் நல்ல கால் உள்ளவர்களுக்கு. தூத்துக்குடி ஊருக்குள்ளேயே கடற்கரை, மாதா கோயில், மக்ரூன் கடை என்று ஒரு திட்டம் இருந்தது. அதற்கு ஒரு ஆள். மதுரைக்கு பஸ்ஸில் வந்து மீனாட்சி அம்மன் கோயில் பார்த்துவிட்டுத் திரும்புகிற திட்டத்துக்கு மூன்று ஆள். நீண்ட பயணம், சுடுகிற தரையில் வெறுங்கால் நடை, வழியில் கழிப்பறை வசதி குறைவு என்றெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள்.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. "மதினி, நீங்க அந்த ஒத்தை ஆள் டூருக்குப் போங்க. நாங்க வேன் பிடிச்சு தூத்துக்குடிக்கே வந்துர்றோம். கடற்கரையில உக்காந்து ஆற அமரப் பேசிட்டுப் போவோம்" என்றேன். மகனும் அதையேதான் சொன்னானாம்.

என் வீட்டுக்காரர் காதில் இது விழுந்ததுதான் தாமதம், மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "எங்க அக்கா தூத்துக்குடி வரைக்கும் வந்துட்டு மதுரையை மிதிக்காமப் போறதா? அதுவும் டிக்கெட் வாங்கி, வெள்ளைக்காரங்களோட பஸ்ல உக்காந்து நம்ம கோயிலைப் பாக்கணுமா? கேக்குறவன் காறித் துப்புவான்." நாமே கார் பிடித்துக் கூட்டிவந்து அதே காரில் கொண்டுபோய் விடுவதாக அவர் முடிவு செய்துவிட்டார்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு விஷயத்தை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கப்பல்காரர்களுடைய பஸ்ஸில் போனால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போகிறவர்களுக்காகக் காத்திருக்காது. மாலை ஐந்தரைக்குள் ஏறாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த துறைமுகத்துக்கு நாமாகப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். "அதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மதினியாவது தம்பியை அடக்குவார் என்று பார்த்தேன். அவர் மனதில் மதுரைதான் இருந்திருக்கிறது. ஊருக்கு வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது, ஆசை யாரை விட்டது. மகனிடம் ஒத்தை ஆள் டூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, எங்களிடம் வருவதாகச் சொல்லிவிட்டார்.

மதுரைக்கு வருவதென்று ஆனதும் அடுத்த கூத்து ஆரம்பமானது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் அந்தப் பகை அடுத்த கல்யாணம் வரைக்கும் ஓடும். பத்திரிகை வைக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் திருநகரில் எங்கள் வீட்டில் காலை டிபன். அப்புறம் கோயில். சோழவந்தானில் தாய்மாமா மகன் வீட்டில் கறிச்சோறு. அங்கே சாப்பிட்டுவிட்டு கீழக்குயில்குடி சித்தப்பா வீட்டுக்குப் போகாமல் வர முடியுமா? அதனால் அங்கே காபி. அந்த ஊருக்குப் போனால் மலையடிவாரத்தில் இருக்கிற குலசாமியைக் கும்பிடாமல் வர முடியுமா? அதனால் அங்கே ஒரு பொங்கல். இது அத்தனையையும் முடித்துவிட்டு தூத்துக்குடிக்கும் போயாக வேண்டும். கப்பல்காரன் பார்த்திருந்தால் இதற்குப் பத்து ஆள் படம் போட்டிருப்பான். "நீங்க வேணா ஓடுங்க, அவங்களால முடியுமா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "ஏசி கார்ல உக்காந்து வரப்போறாங்க, என்ன கஷ்டம்?" என்றார்.

அந்த நாளும் வந்தது. விடியுமுன்னே வாடகைக் காரில் கிளம்பிப் போய், துறைமுக வாசலில் இருவரையும் ஏற்றிக்கொண்டோம். மதினி பட்டுச்சேலை கட்டி, பொடிப்பெண் மாதிரி வந்தார். தம்பியைப் பார்த்ததும் அழுது, உடனே சிரித்து, வழி நெடுகப் பேச்சு. அண்ணன் எப்போதும் போலக் கொஞ்சமாகப் பேசினார். நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கி, திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

திருநகர் வீட்டில் ஒன்றரை இட்லி சாப்பிட்டார். காபி வேண்டாம் என்றார். நான் போடுகிற காபியைக் குறை சொல்லாத ஒரே மனிதர் இந்த அண்ணன்தான். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடிப்பார். அவரே வேண்டாம் என்றது எனக்கு உறுத்தியது. வெயில் காலம், கப்பல் சாப்பாடு, வயிறு சரியில்லையோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் நல்ல கூட்டம். சக்கர நாற்காலி ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "எதுக்குத்தா, நாலு பேர் பாத்தா நல்லாவா இருக்கும்?" என்று அண்ணன் மறுத்துவிட்டார். காரை எங்கோ நிறுத்திவிட்டு, செருப்பை விட்டுவிட்டு, வெயிலில் நடந்து, வரிசையில் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று. மதினிக்குக் கண் நிறைய தரிசனம் கிடைத்தது. அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்சம் உட்காருவோம் என்று நான் சொன்னபோது, என் வீட்டுக்காரர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். சோழவந்தானில் இருந்து அதற்குள் பல தடவை போன் வந்துவிட்டது. ஆட்டுக்கறி வெந்துவிட்டதாம், எங்கே இருக்கிறீர்கள் என்று.

மேலக்கால் சாலையில் கார் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் வைகை, ஒரு பக்கம் தோப்பும் வயலும். மதினி ஜன்னல் வழியே ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தார். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இந்தப் பக்கம் அண்ணன். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். ஏசி ஓடுகிறது, அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையாலும் முன் சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அண்ணே, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லத்தா." கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, மதினி காதில் விழாத மாதிரி, "எங்கிட்டாவது பாத்ரூமு இருக்குமா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் கப்பலில் இருந்து இறங்கியவர் இதுவரை அந்தப் பக்கமே போகவில்லை. எங்கள் வீட்டில் குளியலறையில் அன்றைக்கு ஒரே ஆள் மாற்றி ஆள். அவர் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கோயிலில் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார். உட்கார்ந்து எழ முடியாத கால். மேல்நாட்டு மாதிரி இருந்தால்தான் அவரால் முடியும்.

டிரைவர் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். அங்கே கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். என் வீட்டுக்காரர், "இன்னும் கொஞ்ச தூரந்தான் மச்சான், வீட்டுக்கே போயிருவோம்" என்றார். மாமா மகன் வீட்டில் கழிப்பறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொல்லைக் கடைசியில், படி இறங்கி, உட்கார்ந்து எழுகிற மாதிரி. அதற்குள் அண்ணன் தலை ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. "காரை நிப்பாட்டுங்க" என்று சத்தம் போட்டேன். மதினி திரும்பிப் பார்த்துப் பதறிப்போனார்.

சாலை ஓரத்தில் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்குப் பின்னால் வெற்றிலைக் கொடிக்கால். நடுவில் ஓட்டு வீடு. வாசலில் இரண்டு பெண்கள் வெற்றிலையை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடினேன். என் முழங்காலும் ஒன்றும் தங்கமில்லை, ஆனாலும் ஓடினேன். இரண்டு பேரில் பெரியவளாகத் தெரிந்தவளிடம்தான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டேன். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னை ஏற இறங்கக்கூடப் பார்க்கவில்லை. வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"யாருக்கு, அந்தக் கார்ல இருக்க பெரியவருக்கா? கூட்டிட்டு வாங்கக்கா. எங்க மாமனாருக்குன்னு உக்கார்ற மாதிரி கட்டுனது இருக்கு. பிடிச்சுக்கிட கம்பியும் போட்டிருக்கோம்."

இந்த ஒரு வார்த்தைக்கு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாத்ரூம் கிடைத்ததற்கு அழுதவள் இந்த மதுரை ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் வீட்டுக்காரரும் டிரைவரும் அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். வெளியே நானும் மதினியும் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றோம். மதினி வாய்க்குள் சாமி பெயரை முணுமுணுத்தார். கதவு திறந்து அண்ணன் வந்தபோது முகத்தில் வலி குறைந்திருந்தது, ஆனால் இரண்டு எட்டு வைத்ததும் தள்ளாடினார். வேப்பமரத்து நிழலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் அப்படியே படுக்க வைத்தோம்.

நான் எங்கள் குடும்ப டாக்டருக்குப் போன் போட்டேன். நாடித்துடிப்பு எப்படி, பேசுகிறாரா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார். அப்புறம், "இன்னைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சார்?" என்றார். நான் மதினியைப் பார்த்தேன். மதினி என்னைப் பார்த்தார். காலையில் நான் கொடுத்த பாட்டில் காரில் மூடி திறக்காமல் கிடந்தது. உப்புப் போட்டு மோர் கொடுங்கள், காலை உயர்த்திப் படுக்க வையுங்கள், அரை மணியில் தெளியாவிட்டால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள் என்றார் டாக்டர்.

அந்தப் பெண் பெரிய சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டுப் போதும் என்று தள்ளினார். திரும்பவும் கொடுத்தோம், தலையை ஆட்டினார். அந்தப் பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சொன்னாள்: "அய்யா, நல்லாக் குடிங்க. பாத்ரூமு இந்தா இங்கனதான இருக்கு. எம்புட்டுத் தடவை வேணும்னாலும் போங்க. எங்க மாமனாரும் இப்படித்தான், பஸ்ல போகணும்னா ரெண்டு நாளைக்குத் தண்ணியே குடிக்க மாட்டாரு."

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு சொம்பை இரண்டு கையாலும் வாங்கி முழுவதையும் குடித்தார். இன்னொரு சொம்பும் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் முகத்தில் ரத்தம் ஏறியது. மதினி முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "என்னங்க, தண்ணியக் கூடக் குடிக்காம வந்திருக்கீங்களே, பச்சப்புள்ளையா நீங்க?" என்றார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னார். வெளியே கிளம்புகிற நாளில் தண்ணீர் குடிப்பதை அவர் விட்டே இரண்டு வருடம் ஆகிறதாம். போகிற இடத்தில் பாத்ரூம் எப்படி இருக்குமோ, யாரிடம் கேட்பதோ, எல்லாரும் தனக்காக நிற்க வேண்டி வருமோ என்று ஒரே கூச்சம். கொழும்பிலும் அப்படித்தான் சமாளித்தாராம்.

"அம்பது வருசம் ஒண்ணாக் கெடக்கோம். எங்கிட்டச் சொல்ல என்ன வெக்கம்?"

"உங்கிட்டச் சொன்னா நீ பையன்ட்டச் சொல்லுவ. அவன் பயணத்தையே நிப்பாட்டிருவான். ஊரைப் பாக்கணும்னு நீ எம்புட்டு ஆசப்பட்ட."

மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தோப்புக்குள் நடந்து போய் ஒரு தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அழுவதை யாரும் பார்க்கக் கூடாதென்றால் இப்படித்தான் எதையாவது ஆராய்ச்சி செய்வார்.

அண்ணன் தூங்கிப்போனார். நிம்மதியான தூக்கம், குறட்டை கூட வந்தது. போன்தான் நிம்மதியாக இல்லை. சோழவந்தானில் இலை போட்டாயிற்றாம். கீழக்குயில்குடியில் பொங்கல் வைத்தாயிற்றாம். என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். "அக்கா, ஒரு எட்டு தலையைக் காட்டிட்டு வந்துருவோமா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்று ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில் என்ன சொல்லியிருப்பேனோ. அதற்குள் மதினி போனைக் கேட்டு வாங்கிவிட்டார்.

மாமா மகனிடம் அவர் பேசியது எல்லார் காதிலும் விழுந்தது. "இவுகளுக்கு உடம்புக்கு முடியல. நான் எங்கிட்டும் நகர மாட்டேன். என்னைப் பாக்கணும்னு ஆசையிருந்தா நீங்க வாங்க. கோவமா இருந்தா அதையும் இங்கயே வந்து சொல்லிட்டுப் போங்க. வயசுல மூத்தவ நான், எம்மேல வருத்தப்படுங்க, தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க." கீழக்குயில்குடிக்கும் அதே மாதிரி ஒரு போன். அதற்கப்புறம்தான், இது யாரோ ஒருத்தர் வீடு என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"வரட்டுமே மதினி" என்றாள் அவள், பல வருடம் பழகிய மாதிரி. "தோப்புதான கெடக்கு. பாய் மட்டும் ரெண்டுதான் இருக்கு."

பாயும் வந்தது, ஆட்டுக்கறியும் வந்தது. சோழவந்தானில் இருந்து ஒரு மினி லாரியில் குண்டான்களோடு ஆட்கள் இறங்கினார்கள். கீழக்குயில்குடியில் இருந்து பைக்குகளில் பொங்கல் தூக்குவாளியோடு வந்தார்கள். கோபமாக வந்த சித்தப்பா, கட்டிலில் படுத்திருந்த அண்ணனைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார். மதினியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துப் பேசிவிட்டுப் போனார்கள். யாருக்கு எந்தப் பிள்ளை பிறந்தது, யார் வீடு கட்டினார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அவர் உட்கார்ந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. நாங்கள் போட்டிருந்த திட்டப்படி போயிருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் வந்தோம், போறோம் என்றுதான் நின்றிருப்போம். தோப்பு வீட்டுப் பெண்ணும் அவள் கூட வெற்றிலை கட்டியவளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கறியில் காரம் பத்தவில்லை என்று அவள் சொல்ல, மாமா மகன் மனைவிக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

அண்ணன் எழுந்து பொங்கலில் கொஞ்சம் சாப்பிட்டார். தானாகவே எழுந்து, கம்பியைப் பிடித்து, பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தார். வரும்போது மோர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் அந்தப் பெண்ணிடம் பணம் கொடுக்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் மதினி கைக்குள் இரண்டு கட்டு வெற்றிலையைத் திணித்தாள். "கப்பல்ல வெத்தல போட விடுவாங்களா?" என்று கேட்டு அவளே சிரித்தாள்.

திரும்புகிற பாதையில் நடந்த அதிசயத்தையும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கண்ணில் ஓட்டல் தெரிந்தால், "மச்சான், இறங்குறீங்களா?" பெட்ரோல் பங்க் தெரிந்தால், "மச்சான், இங்க சுத்தமா இருக்கும்போல." கடைசியில் அண்ணனே, "மாப்ள, நான் என்ன அம்புட்டுக் குளத்தையுமா குடிச்சேன்?" என்று கேட்டுவிட்டார். கார் முழுக்கச் சிரிப்பு. ஆனாலும் ஒரு இடத்தில் இறங்கினார், தண்ணீரும் குடித்தார், பாட்டில் மூடியைத் திறந்தே வைத்திருந்தார்.

துறைமுகத்தை நெருங்கும்போது சிரிப்பு நின்றது. கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசையாக நின்றன. முன்னால் எதுவும் நகரவில்லை. மதினி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகப் போகிறது. இருவருடைய மாத்திரை மருந்து எல்லாம் கப்பலில். மகனிடம் சொன்னது ஒன்று, செய்தது ஒன்று. "கப்பல் போயிருச்சுன்னா அவன்ட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று மதினி முனகினார். என் வீட்டுக்காரர் முன்னால் நிற்கிற லாரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை, அப்படி ஒரு முகம்.

டிரைவர் கீழே இறங்கி முன்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். "அம்மா, பயப்படாதீங்க. நாலு லாரிக்கு முன்னாடி அந்தக் கப்பல்காரங்க பஸ்சே நிக்குது."

நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். மெய்தான். காலையில் துறைமுக வாசலில் பார்த்த அதே பெரிய பஸ், கண்ணாடியில் மதுரை என்று ஒட்டியது. அவர்கள் ஏறாமல் கப்பல் நகராது. அந்த மூன்று ஆள் டூரில் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு தலையாவது நேராக இருக்க வேண்டுமே. அத்தனையும் சாய்ந்து கிடந்தன. எங்கள் அண்ணன்தான் தோப்பில் போட்ட தூக்கத்தில் தெளிச்சியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்தபோது உடம்பு முழுவதும் லேசாகிவிட்டது, காலையில் இருந்து எதைச் சுமந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். இருவரும் வாசலைத் தாண்டி, உள்ளே போகிற வண்டியில் ஏறி, கையாட்டினார்கள். வண்டி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றோம். மதுரை வந்து சேரும் வரை என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டே வந்தார்.

இரண்டு நாள் கழித்து கொச்சியில் இருந்து மதினி பேசினார். மகனிடம் நடந்தது எல்லாவற்றையும் அண்ணனே சொல்லிவிட்டாராம். அவன் நன்றாகத் திட்டினானாம். பிறகு, அடுத்த ஊர்களில் எந்த டூரில் எங்கே பாத்ரூம் இருக்கிறது என்று கப்பல் ஆபீஸில் கேட்டு வாங்கி அவனே பார்த்துச் சொல்கிறானாம். கொச்சியில் இருவரும் படகில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மீதி நேரம் மரத்தடி பெஞ்சில் இளநீர் குடித்தார்களாம். "ஒத்தை ஆள் படம்தான் போட்டிருந்துச்சு தாயி, அம்புட்டு நல்லா இருந்துச்சு" என்றார். அதற்கடுத்த வருடமும் எங்கோ போய்விட்டு வந்தார்கள்.

மாமனாருக்காக அந்தப் பெண் சுவரில் அடித்து வைத்திருந்த அந்த ஒரு கம்பியைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெரியவர்களை ஊர் சுற்றிக் காட்ட நாங்கள் எவ்வளவோ யோசித்தோம், அவர்கள் வெட்கப்படாமல் இருக்க என்ன வேண்டும் என்று மட்டும் யோசிக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வயதானவர் யார் வந்தாலும், "பாத்ரூம் இந்தப் பக்கம்" என்று முதலில் கதவைத் திறந்து காட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறேன். அவர்கள் அந்தத் தம்ளரை முழுவதுமாகக் குடித்து முடித்துக் கீழே வைக்கும்போது எனக்கு ஒரு நிம்மதி வருகிறது.